பங்கின் விலை கண்ட வரலாறு

தில்லி மாநகரின் தென்மேற்குப் புறத்தே சாணக்யபுரி என்றொரு பகுதி உண்டு. நாடு விடுதலை பெற்றபின், 1950-களில், அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்றே வகுத்து அமைக்கப்பட்ட இடம் அது. அகன்ற வீதிகளும் மரநிழலும் அமைந்த அப்பகுதியில், கௌடில்ய மார்க்கம், நீதி மார்க்கம், நியாய மார்க்கம் என்று வீதிப் பெயர்களெல்லாம் அரசியல் நூலின் அத்தியாயத் தலைப்புகளைப் போலவே இருக்கும். அங்குள்ள நேரு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உலாவ வருவோருள் நம்மவர் சிலரும் உண்டு. பக்கத்து இராமகிருஷ்ணபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவார்கள்.

அவ்வாறு வரும் பெரியவர் ஒருவர், மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் நம்மை நிறுத்தி ஓர் ஐயம் கேட்டார். பணிக்கொடையும் சேமநிதியும் அவர் கைக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. மகளின் திருமணத்துக்கும் ஊரிலுள்ள பழைய வீட்டைச் செப்பனிடுவதற்கும் ஒதுக்கியது போக எஞ்சிய தொகையை, புதிதாகப் பங்கு வெளியிட இருந்த ஓர் இணையக் கம்பெனியில் இடலாமா என்பது அவருடைய எண்ணம். "தம்பி, நீங்கள் இத்தகைய அறிக்கைகளையெல்லாம் தமிழாக்குகிறவர். இந்த விலை கூடுதலா, குறைவா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். நாம் தயங்கியதைக் கண்டு, "ஏன், இணையம் இனி வளராது என்றா நினைக்கிறீர்கள்?" என்று சற்றே வியப்போடு கேட்டார்.

நாம் பொருளியல் வல்லுநர் அல்லோம். சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசேர்ப்பதே நம் தொழில். ஆயினும் அப்பெரியவரின் இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விபோல் தோன்றி, உண்மையில் வேறு வேறானவை என்பது மட்டும் நமக்கு அப்போதே புலப்பட்டது. இணையம் வளருமா என்பது ஒன்று. அந்த வளர்ச்சிக்காக இன்று நாம் கொடுக்கும் விலை தகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குச் சரியான விடை கண்டவர்களே இரண்டாவதில் தவறிப் பொருளிழந்த கதை வரலாற்றில் ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்திருக்கிறது. அதனை ஒருவாறு நினைவுகூர்வதே இவ்வுரையின் நோக்கம்.

விலையைப் பற்றிப் பேசுவோர் சாணக்யரை விட்டுவிட்டு, அதுவும் சாணக்யபுரியில் நின்றுகொண்டு, பேசுவது முறையன்று. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம் பன்னெடுங்காலம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த நூல். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்கு அளித்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியிலிருந்துதான் ஷாமசாஸ்திரி அதனைக் கண்டெடுத்து 1909-இல் அச்சேற்றினார். உலகம் அந்நூலைத் திரும்பப் பெற்றதில் நம் தஞ்சைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இடையே சொல்லிவைக்கிறோம்.

அந்நூலில் வணிகனுடைய ஆதாயத்துக்கு வரம்பு உண்டு. உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து, அயல்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்குப் பத்து என்று அவர் விதிக்கிறார். சுங்கச் சாவடியில் வாங்குவோர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றிவிட்டால், ஏறிய அந்தத் தொகை சுங்கத்தோடு அரசன் கருவூலத்துக்குச் சேரவேண்டும் என்றும் கூறுகிறார். போட்டியால் ஏறிய விலை சரக்கின் தன்மையால் ஏறியதன்று, ஆகவே விற்றவனுக்கு அதில் உரிமையில்லை என்பது அவர் கருத்துப் போலும். கூர்மையான கருத்துத்தான். ஆனால் அவர் விலை கண்டது நெல்லுக்கும் உப்புக்கும் துணிக்கும். அவை கண்முன் கிடப்பவை, அளக்கலாம், நிறுக்கலாம். பங்கு என்பதோ ஒரு கம்பெனி இனி ஈட்டப்போகும் ஆதாயத்தில் ஒரு கூறு. இன்னும் விளையாத நெல்லுக்கு எந்த மரக்காலைக் கொண்டு அளப்பது?

இக்கேள்வி முதன்முதலில் பெருந்திரளான மக்களைப் பிடித்தாட்டியது புகைவண்டி வந்தபோதுதான். அதன் அடையாளங்களும் சாணக்யபுரியிலேயே இருக்கின்றன. சாந்தி பதத்தின் ஓரத்தே 1977-இல் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் பழைய இஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. நம் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லாத தில்லித் தமிழர் குறைவு.

இங்கிலாந்தில் 1840-களின் நடுவில் இருப்புப்பாதைக் கம்பெனிகளின் பங்குகளை வாங்க ஒரு வெறியே எழுந்தது. 1846-ஆம் ஆண்டில் மட்டும் புதிய பாதைகளுக்கு இசைவளித்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 260-க்கு மேற்பட்டவை. பாதிரிமாரும் ஆசிரியரும் கைம்பெண்களும் பங்கு வாங்கினர். பங்கின் முழுத்தொகையையும் ஒருங்கே செலுத்த வேண்டியதில்லை. சிறு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்டலாம் என்பது ஏற்பாடு. கையில் பத்து இருப்பவன் நூறுக்கு ஆசைப்பட அது வழிகாட்டிற்று. பாதை போடும் காலம் வந்து கம்பெனிகள் மீதிப்பணத்தைக் கேட்டபோது, கொடுக்க முடியாதவர்கள் பங்கை விற்க விரைந்தனர். 1850-க்குள் இருப்புப்பாதைப் பங்குகளின் விலை உச்சநிலையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இருப்புப்பாதை அரசன் என்று போற்றப்பட்ட ஜார்ஜ் ஹட்சன், கணக்குப் புரட்டு வெளிப்பட்டு 1849-இல் வீழ்ந்தார். ஆங்கில நாவலாசிரியைகளான பிராண்டி சகோதரிகள்கூட அவருடைய கம்பெனி ஒன்றில் பங்கு வாங்கியிருந்தவர்களே.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. புகைவண்டியைப் பற்றி அம்மக்கள் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் எதிர்பார்த்ததற்கு மேலாகவே அது உலகை மாற்றியது. வாக்களிக்கப்பட்ட பாதைகளில் பெரும்பகுதி உண்மையிலேயே போடப்பட்டு, இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. பயணிக்கு நன்மை, வணிகனுக்கு நன்மை, நாட்டுக்கு நன்மை. பங்குதாரனுக்கு மட்டும் நட்டம். காரணம் வெகு எளிது. ஒரே இரண்டு ஊர்களுக்கிடையே மூன்று கம்பெனிகள் பாதை போட்டால், கட்டணம் குறைந்து, ஆதாயம் முழுதும் பயணியின் பைக்குப் போய்விடும்.

நம் நாட்டுக்கு இருப்புப்பாதை வந்தபோது இலண்டன் முதலாளிகள் அந்த அடியை மறக்கவில்லை. ஆகவே உறுதி கேட்டனர். 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்த உடன்படிக்கைப்படி, இட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி செய்யப்பட்டது. சென்னை இரயில்வேக்கும் அவ்வுறுதி கிடைத்தது. 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் வண்டி ஓடிற்று. வண்டி ஆதாயம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் இலண்டன் பங்குதாரனுக்கு ஐந்து வந்து சேர்ந்துவிடும். குறையும் தொகையை நம் நாட்டு வரிப்பணம் ஈடு செய்யும். அந்தப் பங்குக்கு விலை காண்பதில் சிரமமே இல்லை. நட்டத்தை வேறொருவன் தலையில் வைத்துவிட்டால் எவரும் பங்கின் விலையைக் கணித்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள வண்டியும் நிற்கிறது. 1907-இல் தொடங்கி 1927-இல் நின்றுபோன புதுமை அது. அதன் காலத்தில் அதையும் வருங்காலம் என்றே கருதியிருப்பர். எந்தப் புதுமை நிலைக்கும், எது காட்சிப்பொருளாகும் என்பதை இஞ்சினைப் பார்த்த அளவில் சொல்லிவிட முடிவதில்லை.

இனி, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு வருவோம். பங்கின் விலை தகுமா என்ற பெரியவரின் கேள்விக்கு விடை சொல்லுவதற்கென்றே இந்தத் தில்லியில் ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது என்றால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். போர்க்காலத்தில், 1943-இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்த் தோன்றிய அந்தக் கட்டுப்பாடு, 1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. நிதி அமைச்சகத்தைச் சேர்ந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் இசைவின்றிக் கம்பெனி எதுவும் பெரிய அளவில் பங்கு வெளியிட இயலாது. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை இருபதுக்கு விற்கலாமா, முப்பதுக்கு விற்கலாமா என்பதை அவர் அலுவலகமே முடிவு செய்யும்.

அவர்கள் கையாண்ட முறை பள்ளிக் கணக்கைப் போன்றது. கம்பெனியின் சொத்திலிருந்து கடனைக் கழித்து, ஒரு பங்குக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு, கடந்த சில ஆண்டுகளின் சராசரி ஆதாயத்தை எடுத்து, அந்த ஆதாயம் எவ்வளவு முதலுக்கு ஈடாகும் என்று கணிப்பார்கள். உற்பத்தித் தொழிலாயின் நூற்றுக்கு 15 என்ற வீதத்தில் அது கணக்கிடப்படும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தகுந்த விலை வந்துவிடும். எடுத்துக்காட்டாக, பங்கு ஒன்றுக்குச் சொத்து 20 ரூபாய், ஆண்டு ஆதாயம் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 15 வீதத்தில் 6 ரூபாய் 40 ரூபாய் முதலுக்கு ஈடாகும். இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே முப்பது. அதுவே விலை.

இம்முறையில் ஒழுங்கு உண்டு, நேர்மையும் உண்டு. ஆனால் அது சென்ற காலத்தை மட்டுமே கண்டது. வளரும் கம்பெனியின் பங்கு சந்தையில் நூறு ரூபாய்க்கு விற்கும்போதும் அதன் புதுப்பங்கை முப்பதுக்கே கொடுக்க நேர்ந்தது. 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டத்தால், அயல்நாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் பங்கில் ஒரு பகுதியை இந்தியருக்கு விற்க வேண்டியதாயிற்று. அப்போது இந்த முறையில் விலை கண்ட பங்குகள் குலுக்கலில் யாருக்கு விழுந்தனவோ அவர்கள் ஒரே நாளில் செல்வம் பெற்றனர். குலுக்கலில் பெயர் வராதவர் இன்றும் அதைச் சொல்லி ஏங்குவதை மும்பைத் தமிழரிடம் கேட்கலாம். அரசாங்கம் வரம்பு கட்டியதால் விலை தாழ்ந்தது. அந்தத் தாழ்வின் ஆதாயம் குலுக்கலுக்குப் போயிற்று. சாணக்யர் கருவூலத்துக்கு அனுப்பியிருப்பார்.

1992-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இனிக் கம்பெனியே தன் விலையைச் சொல்லலாம். உண்மைகளை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பது மட்டுமே கட்டளை. அதனைக் கண்காணிக்கும் பொறுப்பு செபி எனப்படும் பங்குச்சந்தை வாரியத்துக்கு அவ்வாண்டே சட்டப்படி வந்தது. கட்டுப்பாடு நீங்கிய புதிதில், 1993-இல், இன்போசிஸ் தன் பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது முழுமைக்கும் கேட்பார் இல்லை. அந்த விலை கூடுதல் என்று அன்று பலர் கருதினர். அவர்கள் கருத்தைக் காலம் எவ்வாறு ஏளனம் செய்தது என்பதை யாவரும் அறிவர். ஏழு ஆண்டுகளுக்குப் பின், எந்த விலையும் கூடுதலன்று என்ற மயக்கம் பரவியதற்கு இந்நினைவும் ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகிறோம்.

இப்போது நம் சென்னைக்கு வருவோம். 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு அளிக்கத் தொடங்கிற்று. 1998 நவம்பரில் தனியாருக்கும் அத்தொழில் திறந்துவிடப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே அவ்வாண்டே களத்தில் இறங்கிற்று. தொடர்ந்து ஆதாயம் காட்டாத கம்பெனி நம் நாட்டில் பொதுமக்களிடம் பங்கு விற்பது அந்நாளில் எளிதன்று. ஆகவே அது அமெரிக்காவுக்குச் சென்றது. 1999 அக்டோபரில் நாஸ்டாக் சந்தையில், ஒவ்வொன்றும் 18 டாலர் வீதம் ஏறத்தாழ 48 இலட்சம் வைப்புச் சீட்டுகளை விற்றது. வைப்புச் சீட்டு என்பது, இங்குள்ள பங்கை ஒரு வங்கியில் வைத்து அதன்மேல் அங்கே விற்கப்படும் பத்திரம். ஓர் இந்திய இணையக் கம்பெனி அச்சந்தையில் ஏறியது அதுவே முதல் முறை.

பிறகு நடந்தது கனவு போன்றது. சில வாரங்களில் சீட்டின் விலை பன்மடங்கு ஏறியது. ஒரு பங்குக்கு நான்கு சீட்டு என்று பிரித்த பின்னும், 2000 பிப்ரவரியில் சீட்டு ஒன்று 80 டாலர் வீதம் இரண்டாம் முறை விற்கப்பட்டது. பழைய கணக்கில் அது 320 டாலர். நான்கே மாதத்தில் 18 என்பது 320 ஆயிற்று.

இந்த இடத்தில் சற்று நின்று பெருக்கிப் பார்ப்போம். கம்பெனியின் மொத்தப் பங்குகள் இரண்டு கோடியே இருபது இலட்சம் அளவில் இருந்தன. ஒவ்வொன்றும் 320 டாலர் என்றால் முழுக் கம்பெனியின் விலை ஏறத்தாழ 700 கோடி டாலர். அந்நாள் மாற்று வீதத்தில் 30,000 கோடி ரூபாய். அக்கம்பெனியின் ஓராண்டு வருவாயோ, ஆதாயமன்று, மொத்த வருவாயே, நூறு கோடி ரூபாயை எட்டவில்லை. கணக்கில் நட்டமே இருந்தது. வாங்கியவர் முந்நூறு ஆண்டு வருவாய்க்கு மேற்பட்டதை ஒருங்கே கொடுத்தார் என்றாயிற்று. பழைய கட்டுப்பாட்டாளர் அலுவலகத்து முறைப்படி பார்த்தால், ஆதாயம் இல்லாத கம்பெனிக்கு ஒரு பாதி சுழி. சொத்தில் பாதியே விலை.

எந்த விலை சரி? இரண்டுமே அல்ல. அலுவலகத்து முறை, நாளை என்று ஒன்று உண்டு என்பதையே மறந்தது. சந்தை, நாளை என்பது வந்தே விட்டதாக நினைத்தது. வேறொரு காரணமும் இருந்தது. சந்தையில் கைமாறியவை 48 இலட்சம் சீட்டுகளே. இந்திய இணையத்தில் பங்கு கொள்ள விரும்பிய அமெரிக்கர் அனைவரும் அந்தச் சிறு குவியலைச் சூழ்ந்து நின்றனர். சுங்கச் சாவடியில் வாங்குவோர் போட்டியால் ஏறும் விலை என்று கௌடில்யர் சொன்னது இதுவே. அத்தகைய விலையைக் கம்பெனியின் எல்லாப் பங்குகளோடும் பெருக்கி, இதுவே அதன் மதிப்பு என்று சொன்னால் அது கணக்காகுமே அன்றி மதிப்பாகாது.

அதே கம்பெனி 1999 நவம்பரில் மும்பையின் இந்தியாவேர்ல்டு என்னும் நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. இராஜேஷ் ஜெயின் என்பவர் 1995-இல் தொடங்கிய நிறுவனம் அது. சமாச்சார், கேல், கோஜ், பவார்ச்சி என்று அதன் பக்கங்களுக்குப் பெயர். செய்தி, விளையாட்டு, தேடல், சமையல் என்பன அவற்றின் பொருள் என்பதை வடக்கே வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு வருவாய் சில கோடிகளைத் தாண்டாத அந்த நிறுவனத்துக்குக் கட்டடமோ யந்திரமோ பெரிதாக இல்லை. கொடுத்த விலையில் ஏறத்தாழ முழுவதும் கணக்கேட்டில் நற்பெயர் என்னும் தலைப்பில் ஏறியது.

இந்த நற்பெயர் என்ற சொல்லை ஒரு மொழிபெயர்ப்பாளன் எளிதில் கடந்து போக முடியாது. வணிகவியல் பாடநூல்கள் தந்த சொல் அது. நாமும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஐம்பது ஆண்டு ஒரே தெருவில் நாணயமாக நடந்த கடைக்கு அது பொருந்தும். வாடிக்கையாளர் நாளையும் வருவார் என்பதற்கு அவர்கள் நேற்று வந்ததே சான்று. நான்கு வயது நிறைந்த நிறுவனத்துக்கு அச்சொல்லை இடும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. அந்த நற்பெயரின் பெரும்பகுதியைக் கம்பெனி சில ஆண்டுகளுக்குள் தன் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்துவிட்டது.

2000 மார்ச்சு 10-இல் நாஸ்டாக் குறியெண் 5,000-க்கு மேல் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கிற்று. 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு இறங்கிற்று. பழைய உச்சத்தை அது மீண்டும் கடக்க 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 80 டாலருக்கு விற்ற சத்யம் இன்போவே சீட்டு 2001 முடிவதற்குள் 5 டாலருக்கும் கீழே வந்தது.

கம்பெனி அழிந்ததா என்றால், இல்லை. பின்னர் சிபி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2005-இல் தாய்க் கம்பெனியிடமிருந்து பிரிந்து வேறு கைக்கு மாறி, தரவு மையங்கள் நடத்தும் நிறுவனமாக இன்றும் சென்னையிலிருந்து இயங்குகிறது. (2009-இல் வெளிப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர் கணக்கு மோசடி அந்தப் பழைய தாய்க் கம்பெனியைச் சார்ந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்வார் உண்டு.) அது தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், 2000 பிப்ரவரியில் அந்த உச்ச விலைக்குச் சீட்டு விற்றுத் திரட்டிய ஏறத்தாழ 15 கோடி டாலர். மிகை விலையில் விற்றவர்க்கு அது முதலாயிற்று. வாங்கியவர்க்கு அது இழப்பாயிற்று. அன்று கொடுக்கப்பட்ட விலையை அப்பங்கு இன்றளவும் திரும்பக் கண்டதில்லை. இணையமோ, அன்று மிக ஆர்வம் கொண்டவர் நினைத்ததைவிடவும் ஆழமாக நம் வாழ்வில் புகுந்துவிட்டது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், தில்லியின் இரு ஓரங்களிலும் இக்கதை வேறு விதமாக நடந்தது. 2021 நவம்பரில் நொய்டாவிலுள்ள பேடிஎம்மின் தாய்க் கம்பெனி, பங்கு ஒன்று 2,150 ரூபாய் வீதம் 18,300 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதில் 10,000 கோடி கம்பெனிக்குச் செல்லவில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர் தங்கள் பங்கை விற்றுப் பெற்றுக்கொண்டது. அவ்விலையில் முழுக் கம்பெனிக்கும் 1,39,000 கோடி ரூபாய் ஆகிறது. அதற்கு முந்தைய நிதியாண்டில் தொழில் வருவாய் 2,802 கோடி. நட்டம் 1,701 கோடி. அந்நாளில் அரசாங்கக் கடன்பத்திரம் நூற்றுக்கு ஆறுக்குச் சற்றுக் கூடுதலாக வட்டி தந்தது. ஆறு என்றே வைத்துக்கொண்டாலும், 1,39,000 கோடிக்கு ஆண்டுக்கு 8,340 கோடி வரவேண்டும். கம்பெனியின் மொத்த வருவாயே அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தச் சிறு கணக்கைப் போட வல்லுநர் தேவையில்லை. நவம்பர் 18-இல் சந்தைக்கு வந்த முதல் நாளே அப்பங்கு நூற்றுக்கு 27 வீழ்ந்தது. பல இடர்களைக் கடந்து, 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அக்கம்பெனி 122 கோடி ரூபாய் ஆதாயம் காட்டிற்று. விலையும் ஆயிரத்தைக் கடந்தது. ஆயினும் அவ்வாண்டு முடிய 2,150 திரும்பவில்லை.

மறு ஓரத்தில், குருகிராமத்தின் சொமாட்டோ. 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு வெளிவந்தது. அதுவும் நட்டக் கம்பெனிதான். வருவாயைப் போல முப்பது மடங்கு விலை. கூடுதல் என்றே கணக்கு அறிந்த பலர் சொன்னார்கள். ஓராண்டில் 41 ரூபாய் அளவுக்கு விழுந்தபோது தங்கள் சொல் பலித்ததென்று மகிழ்ந்தார்கள். பிறகு அது ஏறத் தொடங்கிற்று. 2023–24 நிதியாண்டில் கம்பெனி முதன்முறையாக ஆண்டு ஆதாயம் கண்டது. 2024 டிசம்பரில் விலை 300-ஐத் தொட்டது. இப்போது அதன் தாய்க் கம்பெனிக்கு எடர்னல் என்று பெயர். எல்லாப் பழைய அளவுகோல்களுக்கும் மீறிய விலை, பின்னர் மலிவாகவே முடிந்தது. 1993-இன் 95 ரூபாய் மீண்டும் நினைவுக்கு வருகிறது.

அப்படியாயின் கணக்கால் பயன் என்ன என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கு விலையைச் சொல்லாது. அந்த விலை மெய்யாவதற்கு இனி என்னென்ன நடந்தாக வேண்டும் என்பதைச் சொல்லும். இத்தனை பேர் வாடிக்கையாளராக வேண்டும், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் இத்தனை காசு மிஞ்ச வேண்டும், அதே பாதையில் இன்னும் இருவர் தண்டவாளம் போட்டுக் கட்டணத்தைக் குறைக்காதிருக்க வேண்டும் என்று அது வரிசையாகக் காட்டும். அவை நடக்கும் என்று நம்புவதும் நம்பாததும் வாங்குவோர் பாடு. நம்முடைய இரண்டாம் கருத்தும் சேர்த்துச் சொன்னோம்: முப்பத்தைந்து வயதினன் பொறுத்திருந்து பார்க்கலாம், 41 ரூபாய்க்கு விழுந்த ஆண்டில் மகளின் திருமணம் வந்தால் அறுபது வயதினர் என்ன செய்வார்? ஒரே விலை ஒருவருக்குத் தகும், மற்றொருவருக்குத் தகாது.

பேடிஎம் நிகழ்ச்சிக்குப் பின், 2022-இல், செபி ஒரு விதியைத் திருத்தியது. பங்கு வெளியிடும் கம்பெனி, வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்ற அத்தியாயத்தில், தன் தொழிலை அளக்கும் முக்கியக் குறியீடுகளையும், பொதுமக்களுக்கு விற்குமுன் அண்மைக் காலத்தில் பிறருக்கு என்ன விலைக்குப் பங்கு கொடுத்தது என்பதையும் எழுதிக்காட்ட வேண்டும். கட்டுப்பாட்டாளர் விலை சொல்லிய காலம் போய், விலை எப்படி வந்தது என்று கம்பெனியே சொல்லவேண்டிய காலம் இது. வெளியீட்டு ஆவணம் நானூறு, ஐந்நூறு பக்கம் இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும். அந்த அத்தியாயம் சில பக்கங்களே.

அடுத்த ஞாயிறு அப்பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு நேரு பூங்காவுக்குச் சென்றோம். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று சொற்களுக்குத் தமிழில் பொருள் கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளோடு ஓரத்தில் தாமே பெருக்கத் தொடங்கினார். முப்பத்தைந்து ஆண்டு கணக்குப் பிரிவில் இருந்தவர். ஒரு சுழிகூடத் தவறவில்லை.